கால் மணி நேரம்: கிழிந்த முட்டியோடு இறுதி ஆட்டத்தில் இறங்கிய ஹர்லிங் ஆட்டக்காரர் – ஒரு நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட நிகழ்வு

2010 ஆகஸ்ட் 8, ஞாயிற்றுக்கிழமை. டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில் அகில அயர்லாந்து ஹர்லிங் அரையிறுதி. கில்கென்னி அணியின் முன்வரிசை ஆட்டக்காரர் ஒருவருக்கு முட்டி ஜவ்வு கிழிந்தது. சரியாக இருபத்தெட்டாவது நாள், செப்டம்பர் 5, அதே மைதானத்தில் இறுதி ஆட்டம். அறுவை செய்துகொள்ளாமல், கிழிந்த முட்டியோடே அவர் களத்தில் இறங்கினார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, வெளியே வந்துவிட்டார். அணியும் தோற்றது.

கதை இவ்வளவுதான் என்றால் ‘வீம்பு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். முடிக்க விடாமல் இரண்டு செய்திகள் தடுக்கின்றன. அதே அணியில் இன்னொருவரும் அதே ஜவ்வு கிழிந்த நிலையில் அதே ஆட்டத்தில் இறங்கி, முழு 70 நிமிடமும் ஆடினார். கால் மணியில் வெளியே வந்தவரோ அதற்குப் பிறகும் மூன்று முறை அகில அயர்லாந்துப் பட்டம் வென்றார். ஒரு முடிவு சரியா தவறா என்பதை, அதன் பிறகு நடந்ததை வைத்து எடைபோடும் பழக்கம் நமக்கு உண்டு. இந்த நிகழ்வு அந்தப் பழக்கத்துக்குப் பிடிகொடுக்காது. எழுத எடுத்ததும் அதனால்தான்.

ஆட்டக்காரர்கள், மேலாளர், பிசியோ யாருடைய பெயரும் இங்கே இல்லை. ஊர், தேதி, ஸ்கோர் எல்லாம் ஊரறிந்தவை. ஹர்லிங் பார்ப்பவர்களுக்கு ஆள் யாரென்று இதற்குள் தெரிந்திருக்கும்.

பின்னணி: ஆட்டம்

ஹர்லிங் பார்த்திராதவர்களுக்குச் சுருக்கமாக. ஒரு பக்கம் 15 பேர். கையில் ஆஷ் மரத்தில் செதுக்கிய மட்டை, அதன் நுனி அகப்பைபோல் அகன்றிருக்கும். பந்து கிட்டத்தட்ட டென்னிஸ் பந்தின் அளவு, தோல் போர்த்தியது, பெயர் ஸ்லிட்டர். கம்பம் ஆங்கில ‘எச்’ எழுத்தின் வடிவம். குறுக்குக் கம்பிக்கு மேலே போனால் 1 புள்ளி, கீழே வலைக்குள் போனால் கோல், அதாவது 3 புள்ளி. ஸ்கோரைக் கோலும் புள்ளியுமாகப் பிரித்தே எழுதுவார்கள். 4-17 என்றால் 4 கோல், 17 புள்ளி, மொத்தம் 29.

முட்டியைப் பற்றிப் பேசப்போவதால் ஒரு விதியை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு அடிக்கு மேல் ஓடக் கூடாது. நான்காவது அடிக்குள் அடிக்க வேண்டும், தட்டிவிட வேண்டும், அல்லது மட்டை நுனியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். எதிராளி தோளோடு தோள் இடித்துக்கொண்டு கூடவே வருவான். ஆகவே பந்து கைக்கு வந்ததும் உடம்பைச் சட்டென்று திருப்பித்தான் ஆக வேண்டும். உயரமாக வரும் பந்துக்கு நாலைந்து மட்டைகள் மேலே நீட்டியிருக்க, நடுவில் எம்பி வெறுங்கையால் பிடித்து, ஒற்றைக் காலில் இறங்கி, அந்தக் காலிலேயே திரும்ப வேண்டும். முன்வரிசை ஆட்டக்காரனின் பிழைப்பே இந்த ஒரு அசைவில் இருக்கிறது. முட்டி ஜவ்வுக்கு ஆகாத அசைவும் இதுதான்.

பின்னணி: ஊரும் ஆளும்

ஹர்லிங் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது. எண்பதாயிரம் பேர் முன்னால் ஞாயிறு ஆடுபவர் மறுநாள் பள்ளிக்கூடத்துக்கோ வயலுக்கோ வேலைக்குப் போவார். நம் ஆட்டக்காரர் வங்கியில் வேலை பார்த்தார். அவருடைய அணியின் மேலாளர் பள்ளி ஆசிரியர். கிளப் என்பது கத்தோலிக்கப் பங்கின், அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதியின் எல்லையை ஒட்டி அமைந்தது, பிறந்த பங்குக்குத்தான் ஆடுவார்கள். கிளப்பில் நன்றாக ஆடினால் கவுண்டி அணி, அதாவது மாவட்ட அணி. விலை பேசி வேறு கவுண்டிக்கு வாங்கிப்போகும் வழக்கம் இல்லை. ஆகையால் இந்த முடிவில் ஒப்பந்தம், காப்பீடு, ஏலத்தொகை என்ற கணக்கே வரவில்லை. அழுத்தம் இல்லை என்று இதற்குப் பொருளாகாது. கடைத்தெருவில், கோவில் வாசலில் எதிர்ப்படும் ஒவ்வொருவரும் ‘முட்டி எப்படி இருக்கிறது?’ என்று கேட்பது காசை விடப் பெரிய அழுத்தம்.

கில்கென்னியின் தெற்கே பாலிஹேல் என்ற சிற்றூரில் மதுக்கடை வைத்திருந்த குடும்பத்தில் 1979இல் பிறந்தவர். ஹர்லிங்குக்குப் பேர்போன செயின்ட் கீரன்ஸ் கல்லூரியில் படித்தார். 1999இல் கவுண்டி சீனியர் அணிக்கு வந்தார். முதல் ஆண்டே இறுதி ஆட்டம், கார்க்கிடம் ஒரே புள்ளியில் தோல்வி. அடுத்த ஆண்டு ஆஃபலியை வென்று முதல் பதக்கம். பிறகு 2002, 2003. 2002இலும் 2006இலும் நாட்டின் சிறந்த ஹர்லிங் ஆட்டக்காரர் விருது. எதிரணி விதி மீறும்போது கிடைக்கும் ஃப்ரீயை அடிப்பவர் அவரே. அணியின் புள்ளிகளில் பெரும்பங்கு அவர் மட்டையிலிருந்துதான் வரும்.

2006 முதல் 2009 வரை கில்கென்னி தொடர்ந்து நான்கு பட்டம் வென்றது. இதற்கு முன் நான்கு வரை வந்தது கார்க் மட்டுமே, 1941 முதல் 1944 வரை. ஐந்து எவராலும் முடிந்ததில்லை. பக்கத்து ஆட்டமான கேலிக் கால்பந்தில் கெர்ரி அணி 1982இல் ஐந்தாவதைத் தொடப்போன நேரத்தில், ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் ஆஃபலியின் மாற்று ஆட்டக்காரர் ஒருவர் அடித்த கோல் அதைக் கெடுத்தது. அயர்லாந்தில் ‘ஐந்து’ என்ற எண்ணுக்கு அதற்கென்று ஒரு கனம் உண்டு. 2010இல் கில்கென்னியின் தலைமேல் இருந்தது அந்த எண்.

முந்தைய காயம்

2007 இறுதி ஆட்டம், லிமெரிக்குக்கு எதிராக. அவர்தான் அணித்தலைவர். தொடக்கத்திலேயே கோல் அடித்தார், முதல் பாதியில் முட்டி போயிற்று, இடைவேளையோடு வெளியேறினார். அணி 2-19க்கு 1-15 என்று வென்றது, கோப்பையை வாங்கியவரும் அவரே. பிறகு அறுவை, நீண்ட மறுவாழ்வுப் பயிற்சி. 2008 கோடைக்குள் திரும்பினார், அந்த ஆண்டு இறுதியில் வாட்டர்ஃபோர்டு அணியைக் கில்கென்னி 23 புள்ளி வித்தியாசத்தில் நசுக்கியது.

இந்தப் பழைய காயம் 2010இல் இரண்டு விதமாக வேலை செய்தது. முட்டி கிழிவது எப்படிப்பட்டது, திரும்பி வர எவ்வளவு பாடுபட வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். அதனால் பயம் குறைவு. அதே காரணத்தால், திரும்பி வந்துவிடலாம் என்ற நம்பிக்கை சற்று அதிகம். பழகிய ஆபத்து சின்னதாகத் தெரியும்.

அரையிறுதி நாளில் கண்டது

கார்க்கை 3-22க்கு 0-19 என்று கில்கென்னி வென்றது. அவர் முதல் பாதியிலேயே நொண்டிக்கொண்டு வெளியே போனார். பரிசோதனை முடிவு சந்தேகத்துக்கு இடமில்லாதது: முட்டியின் முன்குறுக்கு ஜவ்வில் கிழிசல். அணியில் அவர் மட்டும் அல்ல. பின்வரிசை ஆட்டக்காரர் ஒருவருக்கும் அந்தப் பருவத்தில் அதே ஜவ்வு கிழிந்திருந்தது. வழக்கமாக நடுத் தற்காப்பில் நிற்பவருக்கு விரல் காயம். நடுக்களத்துக்காரர் ஒருவருக்குக் கையில் காயம். நான்கு வாரத்தில் இறுதி ஆட்டம் வைத்திருக்கும் அணியின் நிலை இது.

முட்டியில் என்ன போகிறது, என்ன மிஞ்சுகிறது

நம் ஊரில் ‘ஜவ்வு கிழிந்தால் நடக்கவே முடியாது’ என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மை வேறு. முன்குறுக்கு ஜவ்வின் வேலை இரண்டு. கீழ்க்கால் எலும்பு தொடை எலும்புக்கு அடியில் முன்னோக்கி வழுக்காமல் பிடித்துக்கொள்வது ஒன்று, முட்டி அச்சில் திருகிப் போகாமல் தடுப்பது மற்றொன்று. நேர்க்கோட்டில் நடக்க, மிதிவண்டி ஓட்ட, ஓடக்கூட அந்த ஜவ்வின் தேவை குறைவு. வீக்கம் வடிந்து, தொடையின் முன்தசையும் பின்தசையும் பழைய வலுவுக்கு வந்தால், பின்தசை அந்த ஜவ்வின் வேலையில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ளும். சிலருக்கு இது வியக்கத்தக்க அளவுக்குக் கைகொடுக்கும். ஜவ்வு இல்லாமலே ஆண்டுக்கணக்கில் விளையாடியவர்களும் உண்டு.

ஆனால் தசை என்பது காவல்காரன் போல, ஆபத்து வருவது முன்பே தெரிந்தால்தான் இறுகி நிற்கும். எதிர்பாராத இடி வந்து, எதிர்பாராத பக்கம் திரும்ப நேர்ந்தால் தசை விழித்துக்கொள்வதற்குள் முட்டி நழுவிவிடும். நழுவும் ஒவ்வொரு முறையும், எலும்புகளுக்கு நடுவே திண்டுபோல் இருக்கும் மெனிஸ்கஸும் குருத்தெலும்பும் நசுங்கலாம். கிழிந்த ஜவ்வை அறுவையில் புதிதாகக் கட்டிவிடலாம், நசுங்கிய குருத்தெலும்பைப் பழையபடி ஆக்குவது கடினம். ஆடுவதில் இருந்த மெய்யான ஆபத்து இதுதான்.

எடுத்த முடிவும் அதன் காரணங்களும்

மூன்று வழி இருந்தது. உடனே அறுவைக்குப் போவது, பெஞ்சில் உட்கார்ந்து தேவைப்பட்டால் இறங்குவது, முதல் 15 பேரில் ஒருவராகத் தொடங்குவது.

முதல் வழிதான் ஒழுங்கானது என்று வெளியிலிருந்து பார்க்கத் தோன்றும். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. முட்டி கிழிந்த மறுநாளே அறுவை செய்யும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. வீக்கம் வடியட்டும், முட்டி முழுதாக நீட்டி மடக்க வரட்டும், தொடைத்தசை விழித்துக்கொள்ளட்டும் என்று சில வாரம் காத்திருப்பார்கள். அந்தச் சில வாரத்தில் செய்யும் பயிற்சியும், இறுதி ஆட்டத்துக்குத் தயாராகச் செய்யும் பயிற்சியும் தொடக்கத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆக, முயன்று பார்ப்பதால் அவர் இழந்த நாட்கள் மிகக் குறைவு. இந்த ஒரு காரணத்துக்காகவே, முயன்று பார்க்கலாம் என்ற முதல் முடிவைக் குறைசொல்ல மாட்டேன்.

லிமெரிக்கில், ஒலிம்பிக் ஓட்டக்காரர்களுக்குச் சிகிச்சை அளித்துப் பெயர் பெற்ற பிசியோ ஒருவரிடம் இரண்டு ஆட்டக்காரர்களும் போனார்கள். அதன் பிறகு நாடெங்கும் பேச்சு ஒரு முட்டியைப் பற்றித்தான் இருந்தது. பின்வரிசைக்காரரின் முட்டியைப் பற்றி அதில் கால்வாசிகூடப் பேச்சில்லை. இது அற்பமான விஷயமாகத் தோன்றலாம். இவருக்கு இருந்த பாரம் அவருக்கு இல்லை என்பதைக் குறித்துக்கொள்வது நல்லது.

இறுதி ஆட்டத்துக்கு முந்தைய புதன்கிழமை, கில்கென்னியின் நோலன் பார்க்கில் பயிற்சி. கதவு திறந்தே இருந்தது. வெறும் பயிற்சியைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அவர் ஓடினார், அடித்தார், கூட்டம் ஆர்ப்பரித்தது. ஆடுவார் என்பது அந்த மாலையில் முடிவானதாகவே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

என் கருத்தில், தவறு நடந்தது என்றால் இங்கேதான் நடந்தது. பயிற்சியில் அவர் செய்த திருப்பங்கள் எல்லாம் அவரே தேர்ந்தெடுத்த திருப்பங்கள். எங்கே கால் வைப்பது, எந்தப் பக்கம் திரும்புவது என்று மூளைக்கு அரை நொடி முன்பே தெரியும், தசை தயாராகிவிடும். கூட ஆடுபவர்களும் அவரவர் ஊர்க்காரர்கள். காயம்பட்ட அண்ணன் மேல் முழு வேகத்தில் தோளை இடிக்க எவனுக்கு மனசு வரும்? இப்படிப்பட்ட சோதனையில் தேறியது, நேர்க்கோட்டு வேகமும் ஃப்ரீ அடிக்கும் திறனும் மட்டுமே. கேட்க வேண்டிய கேள்வி, ‘அடுத்தவன் தேர்ந்தெடுக்கும் திருப்பத்தை இந்த முட்டி தாங்குமா?’ என்பது. ஆயிரக்கணக்கானோர் கைதட்டும் மைதானத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டு, ‘தாங்காது’ என்ற பதிலையும் ஏற்றுக்கொள்வது மனிதனால் ஆகிற காரியமா என்பதும் ஐயமே.

பெஞ்சா, தொடக்கமா? இதில் பலர் மேலாளரைக் குறைசொல்வார்கள், நான் அவர் பக்கம். ஒரு ஆட்டத்தில் ஐந்து மாற்று ஆட்டக்காரர்களை இறக்கலாம். தொடக்கத்தில் இறங்கி முட்டி போனால் ஐந்தில் ஒன்று செலவு, திட்டத்தை மாற்றிக்கொள்ள ஒரு மணி நேரம் பாக்கி. கடைசி இருபது நிமிடத்தில் இறங்கி முட்டி போனால், அதற்குள் ஐந்தும் தீர்ந்திருக்கலாம், அணி 14 பேரோடு ஆட வேண்டியதாகும். அதோடு, சூடேறிய தசையோடு நேரே களத்தில் இறங்குவதும், ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து காலை விறைக்க விட்டு இறங்குவதும் ஒன்றல்ல. ஆடுவது என்று தீர்மானித்த பிறகு, தொடக்கத்திலேயே ஆடுவதுதான் அறிவுள்ள செயல்.

செப்டம்பர் 5

எதிரணி டிப்பரேரி, முந்தைய ஆண்டு இறுதியில் இதே கில்கென்னியிடம் தோற்றவர்கள். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகும் அளவில், உயரமாக வந்த பந்தை அவர்களுடைய முன்வரிசைக்காரர் ஒருவர் பிடித்து வலைக்குள் அடித்தார். அதற்குச் சற்றுப் பிறகு நம் ஆட்டக்காரரின் முட்டி நழுவியது. அவர் வெளியே நடந்தார். உள்ளே போனவர், கைக்காயத்திலிருந்து தேறிக்கொண்டிருந்த அந்த நடுக்களத்துக்காரர்.

இங்கே ஸ்கோரை நிதானமாகப் பார்க்க வேண்டும். இடைவேளையில் டிப்பரேரி 1-10, கில்கென்னி 1-9. வித்தியாசம் ஒரே புள்ளி. பாதிக்கு மேல் அவர் இல்லாமல் ஆடிய முதல் பாதியில் கில்கென்னி சரிசமமாகத்தான் நின்றது. இரண்டாம் பாதியில் டிப்பரேரி அடுத்தடுத்து இரண்டு கோல் அடித்தபோதுதான் ஆட்டம் கைவிட்டுப் போனது. முதல் கோல் அடித்தவரே மூன்று கோல் அடித்தார். ஹர்லிங் இறுதி ஆட்டத்தில் ஒருவர் மூன்று கோல் அடித்து அதுவரை நாற்பது ஆண்டு ஆகியிருந்தது. முடிவு 4-17க்கு 1-18, எட்டுப் புள்ளித் தோல்வி. ஐந்தாவது பட்டம் போயிற்று.

‘முட்டியால் தோற்றார்கள்’ என்று சொல்வதற்கு இந்த ஸ்கோர் இடம்தரவில்லை. ‘அவர் இருந்திருந்தால் வென்றிருப்பார்கள்’ என்று சொல்வதற்கும் இடம்தரவில்லை.

பின்வரிசைக்காரர் நடுத் தற்காப்பில் நின்று கடைசி விசில்வரை ஆடினார். இதை வைத்து, அவருடைய முட்டி தேறியது, இவருடையது தேறவில்லை என்று பிரித்துவிடலாமா? முழுதாக முடியாது. தற்காப்பு ஆட்டக்காரர் பெரும்பாலும் பந்து வரும் திசையைப் பார்த்தபடி நிற்கிறார், முன்னோக்கி வருகிறார், பந்தை எடுத்து நீளமாக அடித்துவிடுகிறார். முன்வரிசைக்காரர் கோலுக்கு முதுகு காட்டி நின்று பந்தை வாங்கி, அதே இடத்தில் திரும்ப வேண்டும். ஒரே காயம் என்றாலும் இருவரிடமும் கேட்கப்பட்ட வேலை ஒன்றல்ல. நல்ல அதிர்ஷ்டமும் இதில் ஒரு பங்கு. 70 நிமிடத்தில் அவருக்கு அந்தக் கெட்ட திருப்பம் வாய்க்காமல் போயிருக்கலாம்.

அதன் பிறகு

இரண்டாவது முறையாக முட்டி அறுவை. வயது 32ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. குளிர்காலம் முழுக்கத் தனியாகப் பயிற்சி. 2011 வசந்தத்தில் நடந்த தேசிய லீக் இறுதியில், அவர் இல்லாத கில்கென்னியை டப்ளின் 0-22க்கு 1-7 என்று துவைத்தெடுத்தது. இந்த அணி முடிந்துபோனது என்ற பேச்சு கிளம்பியது. ஜூனில் லெயின்ஸ்டர் மாகாணப் போட்டியில் அவர் திரும்பினார். அறுவை ஆகி ஒன்பது மாதத்துக்குள்.

செப்டம்பர் 4. மறுபடியும் குரோக் பார்க், மறுபடியும் டிப்பரேரி. கில்கென்னி 2-17க்கு 1-16 என்று வென்றது. அவர் அடித்தது 7 புள்ளி. அது அவருடைய எட்டாவது பதக்கம். ஹர்லிங்கில் எட்டு இறுதியிலும் களத்தில் ஆடியே அதுவரை எட்டைத் தொட்டவர்கள் கார்க்கிலும் டிப்பரேரியிலும் ஒவ்வொருவர், இரண்டே பேர்.

2012இல் கால்வேயுடனான இறுதி ஆட்டம் சமனில் முடிந்தது. அதில் அவர் மட்டும் 12 புள்ளி. ஆட்டம் முடியப் போகிற நேரம், ஸ்கோர் சமம், கில்கென்னிக்குப் பெனால்டி. அடிக்கப் போனவர் அவர். வலைக்குள் அடித்தால் மூன்று, தவறினால் பூஜ்யம். பந்தைக் குறுக்குக் கம்பிக்கு மேலே தட்டி ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டார். கால்வே கடைசியில் சமன் செய்துவிட்டதால் அன்று இரவெல்லாம் அதைப் பற்றி வாதம். 2010இல் கிழிந்த முட்டியோடு சூதாடியவர் என்று இவரை நினைப்பவர்கள் இந்தப் பெனால்டியை நினைத்துப் பார்க்க வேண்டும். வலையை விட்டுக் கைக்கு வந்த ஒன்றை எடுத்துக்கொண்ட ஆள் இவர். மூன்று வாரம் கழித்து மறு ஆட்டத்தில் 3-22க்கு 3-11 என்று வெற்றி. ஒன்பதாவது பதக்கம், நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது மூன்றாவது தடவை.

2013இல் பாத எலும்பில் கீறல். அறிமுகமான 1999 முதல் ஒரு சாம்பியன்ஷிப் ஆட்டத்தையும் விடாமல் 62 ஆட்டம் ஆடியிருந்தார், அந்தத் தொடர் அங்கே அறுந்தது. இரண்டு முறை முட்டி ஜவ்வு கிழிந்தவருக்கு இது எப்படிச் சாத்தியம் என்றால், இரண்டு கிழிசலும் பருவத்தின் கடைசியில், ஆகஸ்ட் செப்டம்பரில் நேர்ந்தவை. மார்ச்சில் கிழிந்திருந்தால் கதையே வேறு. 2014இல் அவர் பெரும்பாலும் பெஞ்சில். 35 வயது. டிப்பரேரியை மறு ஆட்டத்தில் வென்று பத்தாவது பதக்கம், அந்த எண்ணிக்கையை அதற்கு முன் எவரும் எட்டியதில்லை. 2015 மார்ச் 17 அன்று பாலிஹேலுக்காக அகில அயர்லாந்து கிளப் பட்டம். அடுத்த வாரமே கவுண்டி ஆட்டத்திலிருந்து ஓய்வு அறிவித்தார். 71 சாம்பியன்ஷிப் ஆட்டம், 27 கோல், 484 புள்ளி.

மறுபடி இதே நிலை வந்தால் மாற்ற வேண்டியவை

முயன்று பார்ப்பது என்ற முதல் முடிவை மாற்ற வேண்டியதில்லை. தொடக்கத்தில் இறக்குவது என்பதையும் மாற்ற வேண்டியதில்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள சோதனையைத்தான் மாற்ற வேண்டும்.

சோதனை மூடிய கதவுக்குள் நடக்கட்டும். ஊருக்குக் காட்ட வேண்டும் என்றால் அது வேறு நாள், வேறு நிகழ்ச்சி. சோதிப்பவர் எந்தப் பக்கம் கை காட்டுகிறாரோ அந்தப் பக்கம், கடைசி நொடியில் தெரிந்துகொண்டு, ஒற்றைக் காலில் இறங்கித் திரும்பிக் காட்ட வேண்டும். பிறகு அதையே தோளில் இடி வாங்கியபடி. இடிப்பவர் அணித்தோழராக இருக்கக் கூடாது, ஆட்டக்காரர் மேல் பாசம் இல்லாத ஆளாகப் பார்த்துக் கூட்டிவர வேண்டும். அதில் ஒரு முறை முட்டி நழுவினாலும் அன்றே அறுவைக்கு நாள் குறிக்க வேண்டும். இந்த நிபந்தனையைச் சோதனைக்கு முன்பே ஆட்டக்காரரின் சம்மதத்தோடு எழுதி வைத்துவிட வேண்டும். நழுவிய பிறகு பேசினால், ‘இன்னொரு தடவை பார்க்கலாம்’ என்ற பேச்சுதான் வரும்.

இரண்டாவது, சொல்லும் அதிகாரம். ஆடலாமா என்று ஆட்டக்காரரைக் கேட்டால் ‘ஆடுவேன்’ என்றுதான் சொல்வார், அப்படிச் சொல்லாதவர் அந்த இடத்துக்கு வந்திருக்கவே மாட்டார். மேலாளருக்கு ஐந்தாவது பட்டம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. ஆட்டக்காரரைத் தயார் செய்த பிசியோவுக்குத் தன் நான்கு வார உழைப்பு. மூவரும் நல்லவர்கள், மூவருமே இதில் தீர்ப்புச் சொல்லத் தகுதியில்லாதவர்கள். அறுவை செய்யப்போகும் மருத்துவருக்கு அந்த முட்டியின் அடுத்த ஐந்து ஆண்டுதான் கவலை. வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்குத் தனியாக இருக்க வேண்டும்.

மூன்றாவதும் ஒன்று உண்டு. கால் மணியில் வெளியே வரக்கூடியவர் என்று தெரிந்தே ஒருவரை இறக்கும்போது, அவர் இடத்தில் போகிறவர் முதல் நிமிடத்திலிருந்தே ஆடத் தயாரானவராக இருக்க வேண்டும். ஃப்ரீ அடிப்பது இனி யார், அவர் நின்ற இடத்தில் யார் என்று அந்த வாரம் முழுக்க ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். அன்று உள்ளே போனவரின் கையில் காயம் இன்னும் ஆறிக்கொண்டிருந்தது.